வீட்டுக்கு வந்த பட்டறைத் துணி

எல்லோரும் சாப்பிட்டாயிற்றா? நல்லது. வாயில் எதையாவது வைத்துக்கொண்டு கேட்கிற கதையில்லை இது. பாதியில் யாராவது எழுந்து குளியலறைக்கு ஓடினால் நான் பொறுப்பில்லை. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... நான் கத்திச் சொல்லப் போவதில்லை.

மாலை ஆறே முக்கால். முலாம் பூசுகிற பட்டறையின் பின்சுவரை ஒட்டி ஒரு சந்து. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் திறந்த சாக்கடை... அதில் ஓடுவது மஞ்சளா பச்சையா என்று சொல்ல முடியாத ஒரு தண்ணீர். விளக்குக் கம்பம் உண்டு. விளக்கு கிடையாது. என் நண்பனுடைய சித்தப்பா அந்தச் சந்தில் தனியாக வந்துகொண்டிருக்கிறார். கையில் ஒரு துணிப்பை.

பின்னால் ஒரு சத்தம்.

உய்ய்... உய்ய்...

விசில் மாதிரி. ஆனால் வாயால் அடிக்கிற விசில் இல்லை. மூச்சு உள்ளே போகும்போது ஒரு தரம், வெளியே வரும்போது ஒரு தரம். மெல்லியதாக, ஈரமாக. அந்தச் சத்தம் சித்தப்பாவுக்கு நன்றாகத் தெரியும். பதினொரு வருஷம் பட்டறையில் அடுத்த தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்ட சத்தம் அது. அந்தச் சத்தத்துக்குச் சொந்தக்காரர் செத்து எட்டு மாதம் ஆகிவிட்டது.

அவரைப் பட்டறையில் நூல்காரர் என்பார்கள். ஏன் என்று சொல்கிறேன், இப்போதே முகம் சுளிக்காதீர்கள். குழாய், கைப்பிடி, வண்டி பம்பர், எல்லாவற்றுக்கும் கண்ணாடி மாதிரி பளபளப்பு ஏற்றுகிற இடம் அது. தொட்டி நிறைய குரோமிக் அமிலம். சூடேற்றி மின்சாரம் விட்டால் தளதளவென்று குமிழி விடும். குமிழி உடைந்து ஒரு மஞ்சள் ஆவி கிளம்பும். அது நாள்பட மூக்கில் ஏறினால், இரண்டு துவாரத்துக்கும் நடுவில் இருக்கிற தடுப்பை அரித்துவிடும். வலிக்காது. அதுதான் கொடுமை... வலிக்கவே வலிக்காது. பொருக்குத் தட்டும், பிய்த்துப் போடுவார்கள், மறுபடி தட்டும். ஒருநாள் பார்த்தால் ஓட்டை.

நூல்காரர் அந்த ஓட்டையை வைத்து வித்தை காட்டுவார். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களைக் கூப்பிட்டு நிறுத்தி, ஒரு நூலை இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் இழுப்பார். வெள்ளையாகப் போகிற நூல் மஞ்சளாக வரும், கொழகொழவென்று. அதை அவர்கள் கண்முன் ஆட்டி, “முகமூடி போடலன்னா உனக்கும் இதான். சம்பளத்தோட இலவசம்!” என்று சிரிப்பார். சிரிக்கும்போதும் அந்த விசில் வரும்.

சித்தப்பாவோ அருவருப்புக்கே பிறந்தவர். அடுத்தவர் குடித்த டம்ளரைத் தொடமாட்டார். பேருந்துக் கம்பியைக் கைக்குட்டை சுற்றித்தான் பிடிப்பார். முகமூடி, முழங்கை வரை கையுறை, ரப்பர் ஏப்ரன், கிளம்பும் முன் குளியல் என்று பட்டறையில் ஒழுங்குக்கு ஆள் அவர்தான். தினமும் கண்ணாடியில் மூக்கைத் தூக்கிப் பார்த்துக்கொள்வார். சூப்பர்வைசர் மற்றவர்களைத் திட்டுவதே இவரைக் காட்டித்தான்.

ஒரே ஒரு விதியை மட்டும் அவர் மதிக்கவில்லை. வேலைத் துணியை வெளியே கொண்டு போகக் கூடாது. பட்டறையிலேயே இருக்கும் பெரிய சலவை இயந்திரத்தில் போட்டுவிட வேண்டும். ஆனால் அதில் நூல்காரரின் சட்டையும் சேர்ந்து சுற்றுமே! மூக்கைத் துடைத்துத் துடைத்து விறைத்துப் போன சட்டைக் கை...

“அவரு சளி ஊறுன தண்ணியில என் சட்டையா? ஆளை விடுங்க” என்பார். யாருக்கும் தெரியாமல் துணியைப் பையில் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். சித்தி கையால் அலசி, கசக்கி, உதறிக் காயப்போடுவார். பதினொரு வருஷமும் இதே கதைதான்.

நூல்காரருக்கு மட்டும் விஷயம் தெரியும். “துணியை இங்கயே போட்டுட்டுப் போப்பா. துவைக்கிற அந்தப் பொண்ணு பாவம்ப்பா” என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். சித்தப்பா காதில் போட்டுக்கொண்டால்தானே. பிறகு நூல்காரருக்கு நுரையீரலில் கட்டி வந்தது. பட்டறையே திரண்டு பார்க்கப் போனது. சித்தப்பா வாசல் வரை போனார். உள்ளேயிருந்து ஒரு நாற்றம் வந்தது. அப்படியே திரும்பி வந்துவிட்டார்.

சரி... சந்துக்கு வருவோம்.

சித்தப்பா திரும்பிப் பார்க்கவில்லை. நடையை எட்டிப் போட்டார். சத்தமும் எட்டிப் போட்டது. காதுக்குப் பின்னால் வந்தது. கூடவே ஒரு வாடை. காய்ச்சிய இரும்பு வாடை, அதற்கு அடியில் பழைய சளி வாடை. அப்புறம் பையை யாரோ இழுத்தார்கள். பிடுங்குகிற மாதிரி இல்லை... கேட்டு வாங்குகிற மாதிரி, மெதுவாக. சித்தப்பா வெடுக்கென்று பறித்துக்கொண்டு ஓடினார். வீட்டில் வந்து பார்த்தால் பையின் காதில் ஏதோ பிசுபிசுவென்று மஞ்சளாக ஒட்டியிருந்தது. ஆறு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினார். பையை என்ன செய்தார் தெரியுமா? “நல்லாத் துவைச்சுப் போடு” என்று சித்தியிடம் நீட்டிவிட்டார்!

அடுத்த நாளும் அதேதான். அதற்கடுத்த நாளும். பேய் தன்னைப் பிடிக்க வருகிறது என்று சித்தப்பா உறுதியாக நம்பினார். பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடப் பழகினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகல். மதியச் சாப்பாடு முடிந்து கண் அயர்ந்திருக்கிறார்...

உய்ய்... உய்ய்...

அறைக்குள். தலையணைக்குப் பக்கத்தில்.

வியர்த்துக் கொட்டியது. ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறந்தார். அறையில் வேறு யாரும் இல்லை. பக்கத்தில் சித்தி தூங்கிக்கொண்டிருந்தார். சத்தம் அவர் மூக்கிலிருந்து வந்தது.

அன்றைக்குத்தான் சித்தப்பா தன் மனைவியின் கைகளை ஒழுங்காகப் பார்த்தார். விரல் மடிப்புகளில் வட்ட வட்டமாக, ஆணி அடித்து எடுத்த மாதிரிக் குழிப்புண்கள். புதிது ஒன்றும் இல்லை, வருஷக்கணக்காக இருப்பதுதான். பார்க்கக் குமட்டுகிறது என்று, “சோத்தைக் கையால போடாத, கரண்டியால போடு” என்று சொன்னவரும் இவர்தான். நூல்காரரின் கட்டி நினைவுக்கு வந்தது. இவளுக்கும் அப்படி ஆகிவிட்டால்? உட்கார்ந்து அழுதார். தன்னைப் பார்த்தே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை மூக்கு டாக்டரிடம் போனார்கள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

“எந்தப் பட்டறையிலம்மா வேலை? எத்தனை வருஷமா?”

“நான் எங்கயும் வேலைக்குப் போகல டாக்டர். வீட்டுலதான் இருக்கேன்.”

டாக்டர் சித்தப்பாவின் பக்கம் திரும்பினார். அவருடைய மூக்கையும் பார்த்தார். சுத்தமாக இருந்தது. சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு துணி விஷயத்தைச் சொன்னார். டாக்டருக்கு வந்த கோபத்துக்கு அறைந்திருக்கலாம். அறையவில்லை.

“இனிமே ஒரு துணி வீட்டுக்கு வரக் கூடாது. நெஞ்சையும் படம் எடுத்துப் பாக்கணும். ஓட்டை பெருசுதான். ஆனா இவ்வளவு வருஷத்துக்கு இது எவ்வளவோ பரவாயில்ல. ஓரமெல்லாம் காயாம, பொருக்கு இல்லாம இருக்கு. யாரோ தினமும் ஏதோ பூசச் சொல்லியிருக்காங்க. அதுதான் காப்பாத்தியிருக்கு. என்ன மருந்தும்மா அது?”

சித்தி சித்தப்பாவைப் பார்த்தார். சொல்லலாமா என்று கேட்கிற மாதிரி.

“இவர்கூட வேலை பாக்குற ஒரு அண்ணன் குடுக்கறாரு. தினமும் சாயங்காலம், இவர் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி பின்கதவுல வந்து தட்டுவாரு. முகத்தைத் துணியால மூடியிருப்பாரு. மொதல்ல இவரோட துணியைத்தான் கேட்டாரு. ‘குடும்மா, நான் கொண்டு போயிடறேன்’னு. இவர் ஏசுவாருன்னு நான் குடுக்கல. அதுக்கப்புறம்தான் தைலம் குடுக்க ஆரம்பிச்சாரு.”

“எத்தனை நாளா?” என்றார் சித்தப்பா.

“ஒரு எட்டு மாசம் இருக்கும்ங்க.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க அருவருப்புப்படுவீங்க, சொல்ல வேணாம்னு அவருதான் சொன்னாரு.”

டாக்டர் பேனாவை எடுத்தார். “தைலம் பேரு என்னம்மா? டப்பா இருக்கா?”

“டப்பாவெல்லாம் இல்ல டாக்டர். கதவு இடுக்குல ஒரு விரலை மட்டும் நீட்டுவாரு. அதுல வெள்ளையா, கெட்டியா, மெழுகு மாதிரி இருக்கும். சில்லுனு இருக்கும். நானே அதுல இருந்து வழிச்சு எடுத்துப் பூசிக்குவேன்.” சித்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “ஆனா நாலு நாளா தீந்துகிட்டே வருதுங்க. நேத்து வழிக்கறப்ப... அடியில எலும்பு தட்டுச்சு.”