இடது பின்சக்கரம்

தொலைந்த சாமானுக்கு மாற்றுச் சாமான் தேடி என் கடைக்கு வருபவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "இங்கதாங்க வச்சிருந்தேன், எப்படிப் போச்சுன்னே தெரியல." நான் சிரிக்க மாட்டேன். சாதாரண ஸ்பேனர் எங்கேயும் கிடைக்கும். சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை ஏற்றி இறக்கும் கொக்கி ஸ்பேனரும், சக்கரம் திருடு போகாமலிருக்கப் போடும் பூட்டு நட்டின் சாவியும் அப்படியல்ல. அந்தச் சாவி இல்லாமல் சக்கரத்தைக் கழற்ற முடியாது. நட்டின் முகத்தைப் படம் பிடித்து அனுப்பினால், எந்த மாதிரி என்று பார்த்துக் கூரியரில் அனுப்பிவிடுவேன். இருபத்திரண்டு வருடத் தொழில்.

நீங்கள் என் மகளைப் பற்றிக் கேட்டீர்கள். அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவள் அம்மா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் அவள்மேல் கை வைத்ததே இல்லை. வேலையை விடு என்றேன், விட்டாள். ஃபோனைக் கொடு என்றேன், கொடுத்தாள். பிறகு ஒருநாள் அவள் அலமாரியில் துணி குறைந்திருந்தது. கட்டிலுக்கு அடியில் ஒரு பை இருந்தது.

அன்று மத்தியானம், சர்வீஸுக்கு என்று சொல்லி அவள் காரைக் கடைக்கு எடுத்துப்போனேன். என்னைத் தவிர யாரிடமும் சாவி இல்லாத பழைய பூட்டு நட்டுகளைப் போட்டேன். இடது பின்பக்க ஸ்பிரிங்கை மட்டும் கொஞ்சம் இறக்கினேன். அப்படி இறக்கினால் டயரின் உள்விளிம்பு தேயும். வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது.

ஓடும்போது வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்கிறீர்கள். அவள் நிதானமாக ஓட்டுகிற பெண். ஓட்டக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

மறுநாள் காலை அவள் போனாள். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு மாதம் கழித்து வெளியூர் மெக்கானிக் ஒருவரிடமிருந்து ஃபோன் வந்தது.

"அண்ணே, ஒரு படம் அனுப்பிருக்கேன் பாருங்க. ஒரு மேடம் வண்டி, டயர் உக்காந்துடுச்சு. நட்டு அசைய மாட்டேங்குது. யார்கிட்ட கேட்டாலும் உங்களத்தான் சொல்றாங்க."

"நாளைக்குக் காலைல அவங்கள வரச் சொல்லுங்க. நானே கொண்டு வர்றேன்."

"உங்களுக்கு எதுக்குண்ணே சிரமம்?"

ஒரு சிரமமும் இல்லை என்றேன்.

நான் அவர் பட்டறைக்குப் போனபோது கார் ஜாக்கியில் நின்றது. அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, காரைப் பார்த்தாள், பிறகு கேட்டைப் பார்த்தாள். கேட்டில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"அப்பா, சாவிய அவர்கிட்ட குடுத்துட்டுப் போயிடுங்க. உங்க கால்ல விழறேன்."

"சாப்பிட்டியாம்மா?" என்றேன்.

மெக்கானிக் திருதிருவென்று விழித்தார். "என் பொண்ணுதாங்க. கோவிச்சுக்கிட்டு வந்துட்டா," என்று நான் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பா இவ்ளோ தூரம் தேடி வந்திருக்காரு. போம்மா," என்று அவரே அவள் பையைத் தூக்கி என் வண்டியில் வைத்தார். நல்ல மனிதர். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்லப் பார்த்தாள். அழுகையில் வார்த்தை வரவில்லை. சாவியை நான் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை.

மாடி அறையைப் பற்றி உங்கள் அறிக்கையில் இருப்பதெல்லாம் சரிதான். கதவுக்கு வெளியே பூட்டு, சன்னலுக்குப் பலகை. சங்கிலி மட்டும் முதலிலிருந்தே இல்லை. அவள் பலகையைப் பெயர்த்த பிறகுதான். வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்தேன். ஐந்தாவது மாதம், கேட்பாரற்றுக் கிடந்த காரைப் பற்றி விசாரிக்க அந்த மெக்கானிக் என் வீட்டுக்கே வந்தார். மேலே தட்டுகிற சத்தம் அவர் காதில் விழுந்துவிட்டது. உங்களைக் கூப்பிட்டது அவர்தான் என்று எனக்குத் தெரியும். அவர்மேல் வருத்தமில்லை.

எல்லாம் நான் செய்ததுதான். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். என் முகத்தைப் பார்க்கவே மாட்டேன் என்று அவள் சொன்னதாகச் சொல்கிறீர்கள். அது கோபம், பத்து நாளில் ஆறிவிடும். அவளை எந்த ஊரில் தங்கவைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.