எடுத்துடச் சொன்ன புள்ளி

வேலையெல்லாம் போகலங்க, என்னை அனுப்புற அளவுக்கு எங்க தலைவருக்கு தைரியம் ஏது? கத்தினேன், அவ்வளவுதான். கதவு தொறந்திருந்துச்சு, ஆராய்ச்சிக்கூடம் மொத்தமும் கேட்டுச்சு. அந்த டிவிய அணைங்க, சொல்றேன்.

எதுக்கா? வயித்துப் புத்துநோய்க்காரங்க ரத்தத்துல மைக்ரோ ஆர்என்ஏ அளக்கிறோம்ல, அதுக்குத்தான். எத்தனை தடவ சொல்லிருக்கேன், ஒரு தடவையாவது காதுல வாங்கினீங்களா? ரொம்பப் பொடிசுங்க அது. செல்லுக்குள்ள இருந்துக்கிட்டு மரபணுங்க வாய அடைக்கிறதுதான் வேலை. மீட்டிங்ல யாராவது பேச ஆரம்பிச்சா எங்க தலைவர் ஒரு கனைப்பு கனைப்பாரே, எல்லாம் கப்சிப்புனு ஆயிடும், அந்த மாதிரி. இந்த நோயில அதுல சிலது கன்னாபின்னான்னு பெருகி, வளந்தது போதும் நில்லுன்னு செல்லை அதட்டுற மரபணு வாயையே பொத்திடுது. அப்புறம் என்ன, கேக்க ஆளில்ல. இஷ்டத்துக்கு வளரும், பரவும். பெருகினது ரத்தத்துலயும் கசியும், அதத்தான் அளக்கிறோம்.

சிரிக்காதீங்க, கேளுங்க. ஒப்பிட்டுப் பாக்க நோயில்லாதவங்க ரத்தமும் வேணும்ல? அதுக்கு ஆளு கெடைக்காது. அதனால வீட்டுல இருக்கிறவங்கள இழுத்துட்டு வருவோம். ஒருத்தியோட மச்சினி, இன்னொருத்தியோட மாமனார். நல்லா இருக்கீங்களான்னு கேப்போம். இருக்கேன்னு சொன்னா ஊசியக் குத்திடுவோம். ஆரோக்கியத்துக்கு நாங்க வைக்கிற பரீட்சையே அவ்வளவுதான்!

இன்னைக்கு அளந்ததோட வரைபடம் வந்துச்சு, ஆளுக்கொரு புள்ளி. நோயாளிங்க புள்ளியெல்லாம் மேல, நல்லா இருக்கிறவங்க கீழ. கீழ இருக்க வேண்டியதுல ஒண்ணே ஒண்ணு மட்டும் மேல ஏறி உக்காந்திருக்கு. தலைவர் கண்ணாடிய ஏத்திவிட்டுப் பாத்தாரு. ரத்தம் கெட்டுப்போயிருக்கும்மா, அத எடுத்துடு, படம் அழகா இல்லங்கிறாரு. திரும்பவும் அளந்து பாத்துட்டேன் சார், மாறலன்னேன். கட்டுரை அனுப்ப நேரமாச்சுங்கிறாரு. அது ஒரு மனுஷன் சார், அந்த மனுஷங்கிட்ட யாரு சொல்றதுன்னு கேட்டேன். ஒரு கனைப்பு. அங்கதான் கத்தினேன்.

சரிதாங்க, அத மட்டும் வச்சு நோயின்னு சொல்லிட முடியாது. வேற காரணமும் இருக்கலாம். வாய் வழியா குழாய் விட்டு உள்ள பாத்தாத்தான் தெரியும். எனக்கே பாடம் எடுக்கிறீங்களே!

யாருன்னா? புட்டியில நம்பர்தான் இருக்கும், பேரப் பாக்கக் கூடாதுன்னு விதி. பாத்துட்டேன்.

எந்திரிக்காதீங்க, உக்காருங்க. நல்லா இருக்கேன்னு சொல்லித்தானே நீங்களும் வந்து கைய நீட்டினீங்க. கொஞ்ச நாளா ரெண்டு வாய்க்கு மேல எறங்கலன்னு தட்டத் தள்ளி வைக்கிறீங்க. கேட்டா வாயுத் தொல்லைங்கிறீங்க. நானும் தலைய ஆட்டினேன், வயித்துப் புத்துநோயில டாக்டர் பட்டம் வாங்கினவ!

நாளைக்குக் காலையில குழாய் விட்டுப் பாக்க உங்க பேரக் குடுத்துட்டுத்தான் வந்தேன். ஆபீஸுக்கு லீவு சொல்லிடுங்க. இந்தாங்க போன், இப்பவே பேசுங்க.