மாசிலாமணி ஏற்க மறுத்த சீட்டு

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் ராஜேந்திரன் அவர்களே, தோணிரேவு நண்டு இறால் மகளிர் குழுவின் கஸ்தூரியம்மாள் அவர்களே, லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து வேலையை விட்டு வந்திருக்கும் சொந்தங்களே, மறைந்தவரின் மருமகள் ஜமுனா அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

முப்பத்தோரு ஆண்டு நிருபராக இருந்தவன் நான். பார்த்ததை மட்டும் சொல்லிப் பழகியவன். இன்றும் அப்படியே சொல்கிறேன்.

பெரியவர் மாசிலாமணி தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு பதினோரு ஆண்டுகள், இந்த ஏரிக்கரை ஊர்களின் பதினேழு இணையதளங்களை ஒரே சர்வரில் வைத்துக் காத்தவர். படகுச் சங்கத்தின் தளம், மகளிர் குழுவின் தளம், மாதா கோயில், பள்ளிக்கூடம், என்னுடைய சின்னச் செய்தித் தளம், எல்லாம் அதில்தான். அந்த இயந்திரம் சென்னையில் இருக்கிறது. "இங்க உப்புக் காத்து நிருபரே, இரும்பு ரெண்டு வருஷம் தாங்காது" என்று அங்கே வாடகைக்குப் பிடித்தார். நம்மில் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றை நம்பினோம் என்றால், யாரை நம்பினோம்? மாசிலாமணியை நம்பினோம்!

அவர் போய் இருபது நாள் ஆகிறது. இனி அந்தப் பதினேழு தளங்களையும் யார் பார்ப்பது? எல்லாவற்றையும் வெளியூர் நிறுவனம் ஒன்றிடம் கொடுத்துவிடலாம் என்று போன வாரம் ஒரு யோசனை வந்தது. அதற்கு என் பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் 2024 பிப்ரவரியில் இதே கூடத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அப்போது நம் சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது சென்ட்ஓஎஸ் ஏழு என்ற லினக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம். ஜூன் முப்பதோடு அதற்குத் திருத்தங்கள் நின்றுபோகும். வேறொன்றுக்கு மாற வேண்டும். எதற்கு? அதைப் பேச மாசிலாமணி கூட்டம் கூட்டினார். மூன்று துண்டுக் காகிதத்தில் மூன்று பெயர்களை எழுதி மேஜையில் வைத்தார்: விண்டோஸ், ஃபெடோரா, டெபியன். பின்னவை இரண்டும் லினக்ஸ் வகை. அங்கேதான் பிழை செய்தார். நம் ஊரில் காகிதத்தில் பெயர் எழுதி வைத்தால் என்ன ஆகும்?

"இம்மாம் பேச்சு எதுக்கு? சீட்டு போட்டுடலாம்" என்றார் தலைவர் ராஜேந்திரன்.

"உங்க ஊர்ல எதுக்கெடுத்தாலும் சீட்டுதான். பொண்ணு பாக்கக்கூட சீட்டு போடுவீங்க போல" என்றார் கஸ்தூரியம்மாள். சொல்லிக்கொண்டே எட்டி ஒரு சீட்டை எடுத்தும் விட்டார்.

ஃபெடோரா வந்தது. எல்லோரும் கை தட்டினோம். மாசிலாமணியும் தட்டினார். தட்டிவிட்டுச் சொன்னார்: "நல்ல பேருதான். ஆனா ஒவ்வொரு பதிப்புக்கும் பதிமூணு மாசந்தான் ஆயுசு. அப்பால பதினேழு தளத்தையும் மறுபடி கழட்டி மாட்டணும்."

"இன்னாய்யா இது! அப்போ இன்னாத்துக்குச் சீட்டுல எழுதுன?" என்றார் கஸ்தூரியம்மாள்.

"நீங்க குலுக்குவீங்கனு எனக்கு இன்னா தெரியும்? நான் பேசறதுக்கு எழுதி வெச்சேன்."

சிரிப்பு அடங்க நேரமானது. பிறகு அவர் சொன்னதை அன்றே என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். இதோ படிக்கிறேன்: "ஏரில பாட்டுக்கு, அதான் வலை போடற முறைக்கு, சீட்டு போடறோம். ஏன்? வலை போடற எடமெல்லாம் ஊருக்கே தெரியும். யாருக்கு எந்த நாளுனுதான் தெரியாது. அத்தச் சீட்டு சொல்லிடும். இங்க எடமே தெரியாதே. ஆழம் பாத்துட்டு வர்றேன், ஒரு மாசம் குடுங்க."

அன்று விண்டோஸ் கேட்டுச் சண்டை போட்டவன் ஒருவன் உண்டு. அவன் நான்தான். எனக்குத் தெரிந்தது அது ஒன்றே! "உங்க வீட்டுக் கம்ப்யூட்டர்லயே விண்டோஸ்தானே இருக்கு?" என்று மடக்கினேன். அவர் அசரவில்லை. "வீட்ல நானும் மருமகளும்தான். இங்க பதினேழு குடித்தனம். பதினேழும் லினக்ஸை நம்பி எழுதுனது. ஒருத்தர் அடுப்பு மூட்டினா அடுத்தவருக்குப் புகை போகக்கூடாது" என்றார்.

ஒரு மாதம் பதினேழு தளங்களையும் படியெடுத்து, தனி இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொருவருக்கும் தனி அறை, தனிப் பூட்டு, இவ்வளவு நினைவகம்தான் என்று ஒரு வரம்பு. பிறகு டெபியனைச் சொன்னார். அவர் சொன்ன காரணம் ஒரே வரி: "இது சீக்கிரம் மாறாது. 2028 ஜூன் வரைக்கும் திருத்தம் வரும்."

அது சரியான முடிவா? அதற்குச் சாட்சி இருக்கிறது. சாட்சி நானேதான், குற்றவாளியும் நானேதான். இதுவரை யாருக்கும் சொல்லாததை இன்று சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது. என் தளத்தில் எட்டு வருடமாகத் திருத்தாத புகைப்படப் பகுதி ஒன்று கிடந்தது. அதை எடுக்கச் சொல்லி மாசிலாமணி மூன்று முறை எச்சரித்திருந்தார். நான் கேட்கவில்லை. அதன் வழியாக எவனோ உள்ளே புகுந்து, என் பெயரில் குப்பை மெயில் அனுப்பத் தொடங்கினான். அன்றுதான் சங்கத்தின் வலைப்பாடு முறைப் பட்டியல் வெளியாகும் நாள். நானூறு குடும்பங்கள் போனில் அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தன. யார் எந்த நாள் ஏரியில் இறங்குவது என்பது அதில் இருந்தது.

போன் வந்தது. "நிருபரே, உங்க வீட்டுக்குள்ள திருடன். வெளிப்பக்கம் பூட்டிட்டேன். அவன் உள்ளதான் இருக்கான். நீங்களும் உள்ளதான் இருக்கீங்க, ராத்திரிக்குள்ள தொறக்கறேன்."

"மத்தவங்க தளம்?" என்று பதறினேன்.

"பக்கத்து வீட்டுக்குச் சத்தமே கேக்கல. ஊருக்குச் சொல்லட்டுமா, வேணாமா?" "வேணாம்" என்றேன்.

சொல்லவில்லை. அவர் சாகும்வரை ஒருவரிடமும் சொல்லவில்லை! தலைவரே, அன்று உங்கள் பட்டியல் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. நின்றிருந்தால் அதற்குக் காரணம் நான்தான். நிற்காததற்குக் காரணம் மாசிலாமணி.

இப்போது அந்த யோசனைக்கு வருகிறேன். கொடுக்க வேண்டாம். ஏன்? கடைசித் திருத்தத்தை முழுக்கச் செய்தவர் ஜமுனா. மாமனார் பக்கத்தில் இரண்டு கையையும் அக்குளில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், விசைப்பலகையைத் தொட்டுவிடக் கூடாது என்று. அவர் இறந்த அன்று இரங்கல் செய்தியைத் தளத்தில் ஏற்றியவரும் ஜமுனாதான். ஆயிரத்து இருநூறு பேர் திறந்தார்கள். சர்வர் அசையவில்லை. வேலை தெரிந்த கை நம்மிடமே இருக்கிறது. ஜமுனாவோடு நிற்க ஊருக்கு ஒருவர் வர வேண்டும். கஸ்தூரியம்மாள் தோணிரேவிலிருந்து ஒருவரைத் தருவதாக இப்போதுதான் காதில் சொன்னார். என் ஊருக்கு நான் வருகிறேன், முதல் வேலையாக, அவர் பூட்டியே வைத்திருந்த என் புகைப்படப் பகுதியை ஒரேயடியாக எடுத்துவிடுகிறேன்!

நேற்று ஜமுனா என்னை மாமனாருடைய மேஜைக்கு அழைத்துப் போனார். எதிர்ச் சுவரில் சாக்பீஸில் ஒரு குறிப்பு, மாசிலாமணியின் கையெழுத்தில். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்தேன்: "30 ஜூன் 2028. அதுக்கு முன்ன மாத்தணும். கூட்டம் போட்டுப் பேசணும். சீட்டு கூடாது. நிருபர் மறுபடி விண்டோஸ் கேப்பார். விடக்கூடாது."

நண்பர்களே, அந்தக் கூட்டம் நடக்கும். நான் வருவேன். விண்டோஸ் கேட்பேன். அவருக்குக் கொடுக்கும் வாக்காக ஒன்றை இப்போதே செய்யுங்கள்: விடாதீர்கள்.