நாலு முழம் மல்லிகை

சிராங்கூன் ரோட்டில் மல்லிகைப்பூவைக் காலை ஒன்பது மணிக்குள் வாங்கிவிட வேண்டும், ஃபாதர். தாமதித்தால் வாடியதைத்தான் நம் தலையில் கட்டுவார்கள். மதலேனா பிள்ளை பெற்ற இரண்டாம் வாரத்திலிருந்து தினமும் நாலு முழம் வாங்கிக்கொண்டு ஈசூனில் தம்பி வீட்டுக்குத் திரும்புவேன்.

மதலேனா என் தம்பி இஞ்ஞாசியின் மனைவி. தாயில்லாமல் கான்வென்ட் விடுதியில் வளர்ந்தவள். பிரசவத்துக்குப் பின் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று தம்பி சொன்னதும், ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு, பூன் லேயில் என் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தேன். அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் நான். அதற்காகவே கல்யாணம் வேண்டாம் என்று இருந்தவள்.

பத்தியம் சமைக்கவும் பீத்துணி துவைக்கவும் நான் வேண்டும். பிள்ளையைத் தூக்கினால் மட்டும், கை கழுவினீர்களா என்று கேட்பாள். பால் கொடுக்கும்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒருநாள் அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னாள்: "நாப்பது நாள் முடிஞ்சா நீங்க பூன் லே போயிடலாம் அண்ணி. நாங்க மேனேஜ் பண்ணிக்குவோம் லா."

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இப்போதும் எரிகிறது.

அந்த வாரம் அவளுக்குப் பால் கட்டி மார்பு கல்லாய் இறுகியது. மல்லிகையை மார்பில் பரப்பித் துணியால் இறுக்கிக் கட்டினேன். வலி குறைந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "குளுகுளுன்னு இருக்கு அண்ணி. அம்மா இருந்தா இப்படித்தான் செஞ்சிருப்பாங்க." வலி முழுதும் நின்ற பிறகும் நான் பூவை நிறுத்தவில்லை.

எனக்கு ஒன்பது வயதில் அம்மாவுக்கு ஒரு குழந்தை பிறந்து இறந்தது. அப்போது அத்தை இதேபோல் அம்மாவின் மார்பில் மல்லிகை கட்டினாள். குடிக்கப் பிள்ளை இல்லாதவளுக்குப் பால் வற்றக் கட்டுவது அது. மதலேனாவுக்கு இதைச் சொல்ல யாருமில்லை. நானும் சொல்லவில்லை.

பத்து நாளில் வற்றிவிட்டது. பிள்ளை பசியில் கத்தியது. பால்மாவு கரைத்து நான் புகட்டினேன். சிலருக்கு ஊறாது, உன் தப்பில்லை என்று அவளுக்கு ஆறுதலும் சொன்னேன். அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிறகு பிள்ளையைத் தொடவே பயந்தாள். நாற்பதாம் நாள் இஞ்ஞாசியே வந்து, "நீயே பிள்ளையக் கொண்டு போயிடு அக்கா, அவளால முடியல" என்றான்.

நான் எதையும் பிடுங்கவில்லை, ஃபாதர். வரும் ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம், நான்தான் ஞானத்தாய். அதனால்தான் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வந்தேன். தாய் யார் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. நேற்று பிள்ளை பசித்து அழுதபோது நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் ரவிக்கையைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் பால் ஊறி நனையவில்லை. கொஞ்ச நாள் ஆகும்.