பன்னிரண்டு டியூப் பசை

— கதவைத் திறங்க, டாக்டர்.

— திறக்கக் கூடாது, மாஸ்டர். அதாவது, இப்போதைக்குக் கூடாது. இன்னும் காயலை.

— எது காயலை?

— பசை. மீன் தொட்டிக்குக் கண்ணாடி ஒட்டுவாங்களே, அந்தப் பசை. நேத்து சாயங்காலம் நானே உக்காந்து ஜீப்போட நாலு கதவுக்கும் சுத்திப் பூசினேன். பன்னிரண்டு டியூப் ஆச்சு.

— நாலு கதவையும் ஒட்டிட்டு, என் ஒர்க் ஷாப் வரைக்கும் எப்படி ஓட்டிட்டு வந்தீங்க?

— பின்னாடி டிக்கி வழியா ஏறி, சீட்டைத் தாண்டித் தாண்டி முன்னாடி வந்தேன்.

— ஊர் மாட்டுக்கெல்லாம் வைத்தியம் பாக்கிற மனுஷன் டிக்கிக்குள்ள தலைகீழா நுழையறதை யாரும் பாக்கலையே?

— ரெண்டு மூணு பேர் பாத்தாங்க. அப்புறம் ஒரு எருமை.

— சிரிக்க வைக்காதீங்க, நான் கோவமா இருக்கேன். புரியுதா? இந்த வண்டியை ஆத்துல இறக்கறதுக்குப் பத்தொன்பது நாளா உசுரைக் கொடுத்து வேலை பாக்கறேன். நீங்க ஒரே சாயங்காலத்துல கெடுத்து வச்சிருக்கீங்க.

— தண்ணி உள்ள வரக்கூடாதுன்னுதானே...

— தண்ணி உள்ள வரணும்.

— வரணுமா?

— வரணும். ஆறு நடுவுல இடுப்புக்கு மேல ஓடுது. சந்து பொந்தெல்லாம் அடைச்சுட்டா, வண்டி காலி டப்பா மாதிரி மிதக்கும். மிதந்தா டயருக்குத் தரை கிடைக்காது. நாலு சக்கரமும் சும்மா சுத்தும், ஆறு இழுத்த பக்கம் நீங்க போவீங்க. அதுக்குத்தான் தரையில நாலு ஓட்டை போட்டு ரப்பர் மூடி வச்சேன். இறங்கறதுக்கு முன்னாடி மூடியைக் கழட்டுங்க, தண்ணி ஏறட்டும், வண்டி கனமா உக்காரும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.

— அந்த நாலையும் பசை வச்சு அடைச்சுட்டேன்.

— சரியாப் போச்சு.

— இன்னொண்ணும் சொல்லிடறேன். பின் ஆக்சில்ல இருந்து ஒரு ரப்பர் குழாய் மேல வந்து, வாயைத் திறந்துக்கிட்டு நின்னுது. மழை பெஞ்சா தண்ணி போகுமேன்னு...

— அதையுமா? டாக்டர், அது ஆக்சிலோட மூக்கு. ஓடிச் சூடான ஆக்சில், சில்லுனு தண்ணியில இறங்கினா மூச்சை உள்ள இழுக்கும். மூக்கை அடைச்சா வேற வழியில்லாம சீல் வழியா ஆத்துத் தண்ணியை இழுக்கும். உள்ள இருக்கிற ஆயில் பால் மாதிரி வெளுத்துடும். நீங்க ஒரு மாட்டுக்கு மூக்கை அடைப்பீங்களா?

— மாட்டேன். அதாவது, மாடா இருந்திருந்தா எனக்கே புரிஞ்சிருக்கும்.

— அதே டிக்கி வழியா இறங்கி வாங்க. இந்தாங்க கத்தி. நீங்க அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பெயிண்ட்ல கீறல் விழாம உரிங்க.

— நல்லா நீளமா வருது, மாஸ்டர். அப்படியே குடல் மாதிரி.

— டீ குடிக்கப் போற நேரத்துல நல்ல பேச்சு. ஆமா, ஒண்ணு கேக்கறேன். அக்கரை மாடுகளைப் பாக்கச் சுத்து வழியில நாலு மணி நேரம் ஆகுது, ஆத்தைக் கடந்தா பத்தே நிமிஷம்னுதானே வண்டியைக் கொண்டு வந்தீங்க. மருந்துப் பெட்டி கூரை மேல போகுது. நீங்க ரப்பர் பூட்ஸ் ஆள். உள்ள தண்ணி வந்தா உங்களுக்கு என்ன கஷ்டம்?

— ஞாயித்துக்கிழமை இன்னொருத்தரும் வர்றாங்க.

— யாரு?

— அவங்ககிட்ட இன்னும் கேக்கலை.

— கேக்காத ஆளுக்கா பன்னிரண்டு டியூப்?

— அவங்க கால் நனையக்கூடாதுன்னு நினைச்சேன்.

— அடேங்கப்பா. அப்படி என்ன பெரிய மகாராணி?

— பொம்பளைன்னு நான் சொல்லவே இல்லையே.

— ஆம்பளை கால் நனைஞ்சா நீங்க எதுக்குப் பசை வாங்கப் போறீங்க? பேசாம உரிங்க. நின்னுட்டீங்க பாருங்க.

— கோவமா, மாஸ்டர்?

— எனக்கென்ன கோவம். உங்க வண்டி, யாரை வேணா ஏத்துங்க. இந்தா, கதவு திறந்துடுச்சு. நான் ஸ்டார்ட் பண்றேன். நீங்க பானட் மேல ஏறி, என்ஜின் மூச்சு இழுக்கக் கூரை வரைக்கும் வந்திருக்கிற காத்துக் குழாயோட வாயை உள்ளங்கையால இறுக்கி மூடுங்க. என்ஜின் திணறி நிக்கணும்.

— நிக்கணுமா? நான் வாழ்க்கையில ஒரு ஜீவனோட மூச்சையும் நிறுத்தினதில்லை.

— நிக்கலைன்னா வேற எங்கயோ காத்து போகுதுன்னு அர்த்தம். காத்து போற இடத்துல நாளைக்கு ஆறு போகும். மூடுங்க.

— மூடிட்டேன். ஓடிக்கிட்டே இருக்கே.

— அப்போ எங்கயோ ஒழுகுது. ஆனா இந்தச் சத்தத்துல எங்கன்னு தெரியாது.

— இருங்க, ஸ்டெத் எடுத்துட்டு வர்றேன். நீங்க ஏறி மூடிக்கோங்க.

— என்ஜினுக்கு ஸ்டெத் வைக்கிற டாக்டரை இன்னிக்குத்தான் பாக்கறேன்.

— உஷ். ரெண்டாவது வளைவு... இல்லை. கொஞ்சம் கீழ. இங்க. நுரையீரல்ல சளி கட்டின கன்னுக்குட்டி மாதிரி விசில் அடிக்குது.

— கிளாம்ப்பா? அட ஆமா, திருகு லூசா இருக்கு. என் கண்ணுக்கு இது எப்படித் தப்புச்சு? ஸ்பேனரை இப்படிக் கொடுங்க. ம். இப்போ மறுபடி ஏறுங்க.

— மூடறேன். ஐயோ, இருமுது. உதறுது. நின்னுடுச்சு, மாஸ்டர். செத்துடுச்சு.

— நின்னுடுச்சா? பாத்தீங்களா, ஒரு பொட்டுக் காத்து போகலை. இறங்கி வாங்க டாக்டர், கையைக் கொடுங்க. பத்தொன்பது நாள் வேலை. எனக்கே என்னைத் தட்டிக் கொடுக்கணும் போல இருக்கு.

— ரொம்ப சந்தோஷம், மாஸ்டர்.

— வாய்தான் சொல்லுது. மூஞ்சி இஞ்சி தின்ன மாதிரி இருக்கு.

— அப்போ வேலை முடிஞ்சுதா?

— முடிஞ்சுது. ஓட்டையை எல்லாம் திறந்துவிட்டா எடுத்துட்டுப் போகலாம்.

— ஏதாவது ஒரு போல்ட்டு மாத்தணும், நாளைக்கு வாங்கன்னு சொல்ல மாட்டீங்களா? போன வாரம் ஹாரன் சத்தம் பத்தலைன்னு ஒரு நாள் வரச் சொன்னீங்களே.

— ஆத்துக்குள்ள ஹாரன் அடிச்சு மீனையா ஒதுங்கச் சொல்லப் போறீங்க? அது சும்மா. அதாவது... பாருங்க, உங்க நோய் எனக்கும் ஒட்டிக்கிச்சு.

— மாஸ்டர், அக்கரையில எங்க அம்மா தனியா இருக்காங்க. மூணு வருஷமா, பொண்ணு பாக்கட்டுமா பாக்கட்டுமான்னு அரிச்சு எடுக்கறாங்க. போன வாரம் போன்ல சொல்லிட்டேன். ஒருத்தங்க இருக்காங்கம்மா, முழங்கை வரைக்கும் கிரீஸு, என்னைத் திட்டாத நாள் கிடையாது, ஒரு நாள் திட்டு வாங்கலைன்னா எனக்குச் சோறு இறங்கலைன்னு. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாடான்னாங்க.

— சரி.

— அதாவது, நீங்க வந்து பாத்து, பிடிச்சிருந்தா... அவங்களுக்கு இல்லை, உங்களுக்கு... அதாவது...

— இந்த அதாவது எல்லாத்தையும் பசை உரிச்சுப் போட்ட அந்தப் பக்கெட்ல போட்டுட்டு ஒரே ஒரு தடவை சொல்லுங்க.

— என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?

— ஞாயித்துக்கிழமை அங்க போனா வீடு பூட்டியிருக்கும், டாக்டர்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அத்தை அன்னிக்குக் கல்யாணத் துணி எடுக்கப் போறாங்க. செவ்வாய்க்கிழமை நீங்க மாடு பாக்கப் போன நேரத்துல, சுத்து வழியில பஸ் பிடிச்சு என்னைப் பாக்க வந்தாங்க. இந்த ஸ்டூல்லயே உக்காந்து ரெண்டு டம்ளர் டீ குடிச்சுட்டு, "அவன் வாயைத் திறக்கறதுக்குள்ள ஆறே வத்திடும், தேதியை நீயே சொல்லிடும்மா"ன்னாங்க. சொல்லிட்டேன்.