ஒரே குதிரைக்கு ஐந்து ஏலம்

இணைய ஏலத்தில் விற்பவர்கள் பணம் செலுத்தப் பல வழிகளை வைப்பது வாங்குபவரின் வசதிக்காகத்தான். அட்டை இல்லாதவர் கைபேசியில் செலுத்தலாம். மொத்தமாக இல்லாதவர் தவணையில் செலுத்தலாம். ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு இத்தனை வழிகள் எதற்கு என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

அந்த வாடிக்கையாளர் என் அண்ணன்.

அவரிடம் மரத்தில் செதுக்கிய பழைய சதுரங்கக் காய்கள் உண்டு. ஞாயிறு மாலைகளில் அவர் வீட்டில் ஆடுவோம். எனக்கு யோசித்து ஆடப் பிடிக்கும்; ஒரு காயை நகர்த்தக் கால் மணி நேரம் பேசாமல் இருப்பேன். அண்ணனுக்கு அது ஆகாது.

"என்னடா, தூங்கிட்டியா? அண்ணிகிட்ட தலையணை கேக்கட்டுமா?"

முப்பது வருடங்களாக ஜெயித்துக்கொண்டே பேசுவார், பேசிக்கொண்டே ஜெயிப்பார். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளும் ஆள் நான் இல்லை.

ஒரு ஞாயிறு நான் கிளம்பியபோது கறுப்புக் குதிரை ஒன்று என் சட்டைப்பையில் வந்துவிட்டது. அடுத்த வாரம் ஆட்டமில்லை. அண்ணன் சோபாவுக்கு அடியில் தவழ்ந்து தேடினார்.

"எல்லாம் என் கண்ணுதான்டா. புரை முத்திப்போச்சு. எதிர்ல இருக்கறதே தெரியல."

கண் அறுவைக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். ஆறுதல் சொன்னேன். பிறகு வெகுநேரம் யாரும் பேசவில்லை. அருமையான மாலை.

குதிரையை வேறு பெயரில் ஏலத்துக்கு விட்டேன். அதைக் கைபேசியில் பார்த்த அண்ணன் துள்ளினார்.

"அச்சு அசலா நம்ம குதிரைடா! இவன்கிட்டயும் இதே செட்டு இருக்கு போல."

ஏலத்தில் ஜெயித்தார். பணம் வரவில்லை. அப்போது நான் வங்கிக் கணக்கு எண் மட்டும் கொடுத்திருந்தேன்.

"வங்கிக்குப் போற வழியிலதான் யோசிச்சேன். ஒரு மரக்குதிரைக்கு இவ்வளவான்னு பாதியிலயே திரும்பிட்டேன்" என்றார்.

அன்றுதான் எனக்குத் தொழில் புரிந்தது. வாங்குபவரை வீட்டை விட்டு நடக்க விடக்கூடாது, நடந்தால் யோசிப்பார். அட்டையைச் சேர்த்தேன். பிறகு கைபேசி, பிறகு தவணை. குதிரை வீடு திரும்பியது. ஆடினோம், தோற்றேன், குதிரை மறுபடி என்னோடு கிளம்பியது. ஐந்து முறை விற்றேன். எதிராக விலை கேட்டு ஏற்றியதும் நான்தான். ஏலம் என்றால் இரண்டு பேராவது வேண்டுமல்லவா.

அண்ணி ஒருநாள் என்னை வாசல்வரை வந்து பிடித்தார்.

"கண்ணுக்கு வெச்ச பணமெல்லாம் காயா மாறுது, தம்பி. டாக்டர் இனிமே தள்ளிப்போடாதீங்கன்னு திட்டறார். நீங்க சொன்னாலாவது கேப்பார்."

"அவருக்கு வேற என்ன சந்தோஷம் இருக்கு, அண்ணி?" என்றேன்.

அண்ணி உள்ளே போய்விட்டார். நான்காம் முறை வந்த குதிரையின் அடியில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறார். ஐந்தாம் முறை வந்த குதிரையிலும் அதே புள்ளி. புகார் உங்கள் மேசைக்கு வந்தது அப்படித்தான். நான் குதிரையைத் திருப்பிப் பார்த்ததே இல்லை. அவசரம் எனக்கும் இருந்திருக்கிறது.

ஆக, எடுத்தது நான், விற்றது நான், விலையை ஏற்றியது நான். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் என்னை ஈவிரக்கமில்லாதவன் என்று அண்ணி எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது.

போன மாதம் அண்ணனுக்குத் திரையில் பொத்தான்களே தெரியவில்லை. அட்டை எண்ணை மூன்று தடவை தப்பாக அழுத்திவிட்டு, கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு மனது கேட்கவில்லை. அன்று மாலையே இன்னொரு வழியைச் சேர்த்தேன். எதையும் பார்க்க வேண்டாம், அழுத்த வேண்டாம். தொலைபேசியில் "சரி" என்று சொன்னால் போதும், பணம் வந்துவிடும்.

கண் தெரியாதவர்களைப் பற்றி யோசித்த விற்பனையாளர் உங்கள் தளத்தில் அநேகமாக நான் ஒருவன்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.