அறுபது நாயில் இருபத்தேழு

— அந்த ஸ்டூல் ஆடும் டாக்டரம்மா, இதுல உட்காருங்க. இந்தப் புக்குருப் பேட்டை முழுக்க நாய்க்கு ரத்தம் எடுத்துட்டுப் போனவங்க, அஞ்சு மாசமா ஆளையே காணோம். நாய்ங்க எல்லாம் உங்களை விசாரிச்சுது.

— விசாரிச்சிருக்கும், கடிக்கறதுக்கு. டாவு அண்ணே, உங்க நாயோட ரிசல்ட்டு வந்துருச்சு.

— செத்த நாய்க்கு எதுக்கு ரிசல்ட்டு? விஷம்னு ஊருக்கே தெரியும்.

— அது செத்த அன்னிக்கு ஈரல்ல ஒரு துண்டு வெட்டி எடுத்துட்டுப் போனேன்ல? விஷம் இல்லண்ணே. அடினோ வைரஸ்னு ஒரு கிருமி. ஈரலைத்தான் பிடிக்கும்.

— அட போங்க. காலையில நான் வச்ச சோளக்களியைத் தின்னுட்டுப் பட்டறையில படுத்துச்சு. மதியம் ரத்தமா வாந்தி. வயிறு ஊதி, பொழுது சாயறதுக்குள்ள போயிடுச்சு. கிருமி இவ்வளவு அவசரமா வேலை பார்க்குமா?

— பார்க்கும். சில நாய்க்கு ஒரே நாள்தான். பார்க்கறதுக்கு விஷம் வச்ச மாதிரியே இருக்கும். உங்க பேட்டையில அறுபது நாய்க்கு ரத்தம் எடுத்தோம். இருபத்தேழுக்கு இந்தக் கிருமி வந்து போயிருக்கு. பாதி நாய் ஒரு வேளைச் சோறுகூட விட்டிருக்காது, ஆனா அதுங்க மூத்திரத்துலேருந்து மத்ததுக்குப் பரவும்.

— வருஷா வருஷம் ஊசி போட்டேனே. அட்டைகூட இருக்கு.

— அது வெறிநோய்க்கு. இதுக்கு வேற ஊசி. இங்க யாரும் கேட்கறதில்ல, நாங்களும் சொல்றதில்ல.

— அப்போ கனெங்...

— யாரு?

— பக்கத்து வீட்டுக்காரி. அந்தா, பூட்டிக் கிடக்கே, அந்த வீடு. காராமணி வடை சுடுவா. வடைப் புகை பட்டறைக்குள்ள வருதுன்னு எங்களுக்குச் சண்டை. அவளுக்குக் கேட்கட்டும்னே என் நாய்க்கு ‘புகை போதும்’னு பேர் வச்சேன். அவ ஒரு நாய் வாங்கி ‘மூக்கைப் பொத்திக்கோ’ன்னு வச்சா. காலையில ரெண்டு பேரும் நாயைக் கூப்பிடறதைக் கேட்கத் தெருவே நிக்கும்.

— எங்க தெருவுலயும் உண்டுண்ணே. எதிர்வீட்டு நாய் பேரு ‘மாமியார் பார்க்கறா’.

— சிரிச்சுக்கிட்டேதான் இருந்தோம் டாக்டரம்மா. என் நாய் சாகறதுக்கு முந்தின நாள் அவ அதுக்கு ஒரு வடை போட்டா. என் கண்ணால பார்த்தேன். அது ஒண்ணு போதாதா எனக்கு? பேட்டைத் தலைவர்கிட்ட போனேன். சர்ச்சுல எழுந்து நின்னு சொன்னேன். விஷக்கை சுட்ட வடையை அப்புறம் எவன் வாங்குவான்? எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக் கட்டிக்கிட்டு, பார்கின் லாடிக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா.

— ரிசல்ட்டு வர்ற வரைக்கும் யாரையும் எதுவும் சொல்லாதீங்கன்னு அன்னிக்கே சொன்னேனே.

— ஒரு வாரம்னீங்க.

— ஆமா. லேப்புல சோதனை மருந்து வரல, கரண்ட் இல்ல, அஞ்சு மாசமாயிருச்சு. என் மேலயும் தப்பு இருக்கு. ஒரு நடை வந்து, இன்னும் பொறுங்கன்னாவது சொல்லியிருக்கலாம்.

— சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். அவ்வளவு ஆத்திரம். போகும்போது அவ இந்த வாசல்ல நின்னு, ‘டாவு, நான் போட்டது வெறும் வடைதான்’னா. நான் ஸ்பானரைத் தேடற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். அவ முகத்தைப் பார்க்கல.

— நாளைக்கு என் வண்டியிலயே போவோம். காகிதத்தைக் காட்டி நானே அவங்ககிட்ட சொல்றேன். நீங்க ஞாயித்துக்கிழமை சர்ச்சுல சொல்லுங்க.

— சொல்றேன். முழங்கால் போட்டுச் சொல்றேன். திரும்பி வருவாளா?

— வரலாம். ஆமா, அவங்க நாயையும் கூட்டிட்டா போனாங்க?

— இல்ல. அதுவும் செத்துப்போச்சு. என் நாய் போன எட்டாம் நாள்.

— வாந்தி எடுத்துச்சா?

— எடுத்துச்சு.

— அப்போ உங்க நாய்கிட்டேருந்து தொத்தியிருக்கும். நாள்கூடச் சரியா வருது. அதையும் நோட்டுல எழுதிக்கறேன். அவங்ககிட்ட சொல்லலாம்ணே, ரெண்டு நாயையும் ஒரே கிருமிதான் கொண்டுபோச்சு, ரெண்டு பேர் மேலயும் பழி இல்லன்னு. கேட்டா அவங்க மனசும் ஆறும்.

— பேனாவை மூடுங்க டாக்டரம்மா. அதுக்கு விஷம் வச்சது நான்.